ஒருத்தியைத் தாண்டிப் போனேன்

ஆக்னெஸின் சாவை நான் கெடுத்தேன்.

தெரியாமல் நடந்தது என்று நினைக்காதீர்கள். கை தவறவில்லை. கண் மங்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே போய், ஒருத்தியை மட்டும் தாண்டிப் போனேன். அந்த ஒருத்தி என் மச்சாள் மலர். என் புருஷனின் கூடப்பிறந்த தங்கச்சி.

அதனால் கெட்டது மலருக்கல்ல... ஆக்னெஸுக்கு! எனக்கு ஒரு குறையும் வைக்காத ஆக்னெஸுக்கு.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு நா எழாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். முகம் தெரியாத உங்களிடம் என்றால் சொல்லலாம் போலிருக்கிறது. நீங்கள் என்னைப் பார்க்கப் போவதில்லை அல்லவா?

இங்கே ஜேர்மனியில், எசன் நகரத்தில், ஆசுபத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் பல வருஷம் வேலை செய்தேன். படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கைகளை அகல விரித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். என் எதிரே நின்றவள் ஆக்னெஸ். பப்புவா நியூகினியில் ஒரு தீவுக்காரி. கப்பலில் வேலை செய்த டொச்காரன் ஒருவனைக் கலியாணம் செய்து இங்கே வந்தவள். அவன் செத்த பிறகு, டானியேலா என்ற ஒரே மகளோடு எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருந்தாள்.

"என்ர கையும் உன்ர கையும் ஒரே நீளம். துணி கோணாது" என்று முதல் நாளே சிரித்தாள். நாங்கள் பேசியது உடைந்த டொச், இந்த ஜேர்மன்காரரின் பாஷை. அதை இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அவள் வீட்டு அலுமாரிக்கு மேலே, காய்ந்த இலையில் சுற்றிய ஒரு வளையம் இருந்தது. சைக்கிள் சில்லு அளவு. ஒருநாள் இறக்கிக் காட்டினாள். உள்ளே முழுவதும் சோகி! நீங்கள் சோழி என்பீர்கள். ஆனால் இது நாங்கள் விளையாடுகிற சோகியைவிட மிகச் சின்னது, சுண்டுவிரல் நகம்கூட இல்லை. முதுகை உடைத்து, பிரம்பு நாரில் நெருக்கமாகக் கோத்து, சரத்தை வளைத்து வளைத்துக் கட்டியிருந்தார்கள்.

"இது என்ன?"

"காசு."

"பகிடி விடாதை."

"உண்மையாத்தான். எங்கட ஊரில இதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் கிழங்கு வாங்கலாம், கோழி வாங்கலாம்."

"அப்ப ஏன் வாங்காமல் சுத்தி வைச்சிருக்கிறாய்?"

"இது என்ர சாவுக்கு" என்றாள், நாளைக்குச் சமைக்க எடுத்து வைத்த மரக்கறியைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர்கள் வழக்கம் அது. சீவியம் முழுக்கச் சேர்த்த சரத்தை, சேர்த்தவர் செத்த அன்றுதான் வெட்டுவார்கள். கைகளை விரித்தால் ஒரு பாகம். சொந்தக்காரருக்குப் பாகக் கணக்கில், மற்றவருக்கு முழக் கணக்கில். வந்தவர் ஒருவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. குழந்தைக்கும் உண்டு, பகையாளிக்கும் உண்டு. ஒரு கை வெறுமையாகப் போனாலும் செத்தவர் போய்ச் சேரமாட்டாராம், வாசலிலேயே நிற்பாராம். அவள் வீட்டார் அப்படி நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

டொச்காரர் அந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில், வியாபாரத்துக்கு அந்தக் காசு கூடாதென்று தடுத்தார்களாம். "தடுத்து என்ன? சாவுக்கு வாறவனுக்கு மார்க் காசை வெட்டிக் குடுக்கேலுமோ?" என்று வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

இனி மலர்.

மலருக்குச் சுதன் பிறந்தபோது அவள் பேக்கரியில் வேலை செய்தாள். விடியற்காலையில் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிவந்து என் கட்டிலில் கிடத்திவிட்டுப் போவாள். எனக்குப் பின்னேர வேலை. எனக்குப் பிள்ளையில்லை. அவனுக்குப் பல் முளைத்தது என் விரலைக் கடித்துத்தான். மாமி, மாமி என்று என் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி வளர்ந்தான். பிறகு மலரையும் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டது ஆக்னெஸ்தான்.

சுதனுக்குக் கலியாணம் வந்தபோது என் புருஷன் இல்லை. அதற்கு முந்திய மாரியில் போய்விட்டார்.

"மாமி, நீங்கள் முன்னுக்கு இருக்கோணும்" என்று சுதன் சொன்னான். இருந்தேன். என் பக்கத்தில் ஆக்னெஸ், எங்கள் சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு.

தாலியும் கூறையும் வைத்த தட்டத்தைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்கு. வழக்கமாக வேறு யாராவது கொண்டுவருவார்கள். அன்று மாப்பிள்ளையின் தாயான மலர் தானே பிடித்து வந்தாள். ஒவ்வொருவராகத் தொட்டார்கள். என் முறை வந்தது. கையை உயர்த்தினேன்...

தட்டம் மேலே போனது!

"நீங்கள் தொடாதேங்கோ மச்சாள்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு வரிசைக்குக் கேட்டது. அதே மூச்சில் ஆக்னெஸ் பக்கம் திரும்பி, டொச்சில், "நீங்கள் தொடுங்கோ, தொடுங்கோ" என்றாள். ஆக்னெஸ் தொட்டாள்.

பின்னால் இரண்டு மனிசிமார் குசுகுசுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்த மனிசியும் புருஷன் செத்ததுதானே?"

"அவையளுக்கு உதொண்டும் இல்லையடி."

"அப்ப உவ பாவமெல்லே, சொந்தத் தமையன்ர பெண்சாதி..."

"சத்தம் போடாதை, வீடியோக்காரன் எடுக்கிறான்."

நான் எழும்பிப் போகவில்லை. உயர்த்திய கையால் தலைமயிரை ஒதுக்குவது போலப் பாவனை செய்தேன். பந்தியிலும் இருந்தேன். பாயாசமும் குடித்தேன்! எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

யார் செத்ததால் நான் தொடக்கூடாதவள் ஆனேன்? அவளுடைய அண்ணன்! அவளைத் தோளிலே தூக்கித் திரிந்த அண்ணன்! அவருடைய சாவு அவளுக்குத் துக்கம், எனக்கு மட்டும் தீட்டா?

அதை அவளிடம் கேட்டேனா? இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால் நான் நானாக இருந்திருக்கமாட்டேன். வருஷப்பிறப்புக்குப் போனேன், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன், சிரித்தேன். அவள் வீட்டுக் குழம்பில், அவள் பாராத நேரம் உப்பை அள்ளிப் போட்டேன். அவ்வளவுதான் என் தைரியம். ஆனால் உள்ளே அது ஆறவில்லை. நாளாக நாளாகக் காய்ச்சின பால் போல இறுகிக்கொண்டே வந்தது.

ஆக்னெஸுக்கு வயிற்றில் வருத்தம் கண்டு, வெட்டியும் சுகம் வராமல் போனது. நாங்கள் மடித்த மாதிரியான விரிப்பின் மேலே கிடந்தாள். ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்தாள்.

"சரத்தை நீதான் வெட்டோணும்."

"எனக்கு ஏலாது. ஆக்களுக்கு முன்னால நிண்டால் கால் நடுங்கும். மகள் இருக்கிறாள்தானே?"

"அவள் அழுவாள். அழுற கைக்கு அளவு தெரியாது. தங்கச்சிக்கு விசா கிடைக்குமோ தெரியாது. உன்ர பாகமும் என்ர பாகமும் ஒண்டு."

"எல்லாரும் என்னைப் பாப்பினம்..."

"நீ பாராதை. சப்பாத்தைப் பார். சப்பாத்துச் சப்பாத்தாக் குடுத்துக்கொண்டு போ."

முகத்தை விட்டுக் காலணியைப் பார்ப்பதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஒருத்தரையும் விடாதை. தபால்காரன் வந்தாலும் குடு. குப்பைவாளிக்கு என்னோட சண்டை பிடிக்கிற மேல்மாடிக் கிழவன் வந்தாலும் குடு." பிறகு என் கையை இன்னும் இறுக்கினாள். "மலர் வந்தால், அவளுக்கு முதல்ல குடு."

நான் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

"அண்டைக்கு உன்ர கை அந்தரத்தில நிண்டதைக் கண்டனான். எனக்கு விளங்கேல்லை, அந்தத் தட்டத்தைத் தொட்டுப்போட்டன். பிறகுதான் விளங்கிச்சுது. பூரணம், நீ அவளுக்குக் குடுத்தியெண்டால் அந்தக் கோபம் என்னோட மண்ணுக்குள்ள போயிடும். எங்கட ஊரில அப்பிடித்தான். நான் கொண்டு போறன். தா."

தா என்றாள்! தன் சாவோடு சேர்த்து என் மனசிலிருந்த வெப்பியாரத்தையும் சுமந்து போகக் கேட்டாள். இப்படி உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

நான் தலையாட்டினேன். வாயால் ஓம் என்று சொல்லவில்லை. அதை இன்றைக்கும் ஒரு சாட்டாக வைத்திருக்கிறேன்... என்ன அற்பம்!

அடக்கம் முடிந்து தேவாலயத்து மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். கோப்பி, கேக். ஆக்னெஸின் தங்கச்சி தெரேசா எப்படியோ விசா கிடைத்து வந்துவிட்டாள், டானியேலாவின் மாரிக் கோட்டுக்குள் பாதி மறைந்துபோய். இலைச் சுற்றை அவிழ்த்தது தெரேசா. கத்தரிக்கோலை என் கையில் தந்து, சரத்தின் முனையையும் தந்தாள். வெட்டின கைதான் கொடுக்க வேண்டும், இடையில் கை மாறக்கூடாது என்று டானியேலாவைக் கொண்டு சொல்லுவித்தாள்.

கைகளை விரித்தேன், அளந்தேன், வெட்டினேன். சொந்தத்துக்குக் கொடுத்தேன். பிறகு முழம் முழமாகச் சபைக்கு.

மலர் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீலக் கோட், மூன்றாம் வரிசை. முதலில் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். நான் மற்றப் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

ஆக்னெஸ் சொன்னதுபோலச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு போனேன். மினுக்கிய சப்பாத்து, தாதியின் வெள்ளைச் சப்பாத்து, சலவைக்கூடத்து மேலாளின் மண்ணிறப் பூட்ஸ். ஒவ்வொரு கையிலும் ஒரு முழம். "டாங்கே... டாங்கே..." என்று நன்றி சொன்னார்கள். மேல்மாடிக் கிழவன்கூட வந்திருந்தான். சரத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு என்ன வாங்கலாம்?" என்று டானியேலாவைக் கேட்டான். "கோழியில அரைவாசி" என்று அவள் அழுகைக்குள்ளேயே சொன்னாள். மண்டபம் சிரித்தது. ஆக்னெஸ் அந்தச் சிரிப்புக்குள் இருந்தாள், சத்தியமாக இருந்தாள்.

அப்போது வந்தது, குதி ஒரு பக்கம் தேய்ந்த கறுப்புச் சப்பாத்து. என் வீட்டு வாசலில் எத்தனையோ நாள் கழற்றி வைத்த சப்பாத்து!

நான் தலையை நிமிர்த்தினேன். அன்று முழுக்க நான் பார்த்த ஒரே முகம் அதுதான். அழுது வீங்கியிருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தியிருந்தாள். அவளுக்குரிய முழம் என் விரலில் தொங்கியது.

நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த சப்பாத்துக்குப் போனேன்.

"மச்சாள்... எனக்கு?" என்றாள்.

எனக்கு! அந்த ஒரு சொல்லைத்தான் கலியாணச் சபையில் நான் விழுங்கினேன். அதை அவள் வாயால் கேட்டேன், நாலு பேர் முன்னால் கேட்டேன். காதுக்குள் தேன் விட்டது போலிருந்தது. ஒளிக்கமாட்டேன்... என் கால் அன்று நடுங்கவே இல்லை.

எங்கள் சபையில் ஒருத்தியைத் தள்ளி வைத்தால் சபை சுத்தமாகிறது என்கிறார்கள். ஆக்னெஸின் சபையிலோ ஒருத்தியைத் தள்ளினால் சபையே பாழ். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே செய்தேன்! எங்கள் கத்தியைக் கொண்டுபோய் அவர்கள் பந்தியில் வீசினேன்.

மலர் கேக்கைத் தொடாமல் வெளியே போனாள். தெரேசா ஓடிவந்தாள். டானியேலா பின்னால்.

"அன்ரி, அந்த நீலக் கோட் ஆளுக்கு ஏன் குடுக்கேல்லை எண்டு சித்தி கேட்கிறா."

ஒரு நொடி. அந்த நொடியில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம்.

"அவ வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா" என்றேன்.

தெரேசாவின் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீங்கள் என்மேல் காறித் துப்பியிருப்பீர்கள். என் கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள், அந்தப் பெரிய கோட்டோடு, பனியில் சறுக்கிச் சறுக்கி. எப்படியாவது என் கையால் கொடுக்க வைத்துவிடலாம் என்று நினைத்தாள். மலரின் புருஷனுடைய கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. தெரேசா தன் பாஷையில் கூப்பிட்டாள். கார் போய்விட்டது. அவள் பனியில் குந்தியிருந்து, தரையில் அடித்து அடித்து ஏதோ சொல்லி அழுதாள். டானியேலா அதை எனக்கு டொச்சில் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

மலரின் முழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சீலைகளுக்கு அடியில் வைத்தேன்.

தெரேசா ஊருக்குப் போனாள். அங்கே அவளைக் கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் கிடைத்ததா என்று. அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆக்னெஸின் துக்கத்தை அவர்கள் இன்னும் முடிக்கவில்லையாம். மறுத்த மனிசி வாங்கும்வரை முடிக்கமாட்டார்களாம். டானியேலா இதை மலருக்கு ரெலிபோனில் சொல்லி, கெஞ்சியிருக்கிறாள்.

அடுத்த நாளே மலர் வந்தாள். நான் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவளுக்குக் காலிரண்டும் வீக்கம். மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், நான் வேண்டாமெண்டு சொன்னனெண்டு டானியேலா நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."

நான் அவள் சப்பாத்தைப் பார்த்தேன்.

"நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். உங்களைக் காட்டிக் குடுத்து எனக்கென்ன வரப்போகுது?"

கேட்டீர்களா? என் பொய்யைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்! இதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். என் பழிக்குப் பதிலாக ஒரு பெரிய மனசைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். இதற்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது?

"எனக்காக இல்லை மச்சாள். அவவுக்காகத் தாங்கோ. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வேலையில சேர்த்துவிட்ட மனிசி. வாசல்ல நிக்கிறாவாம் எண்டு அந்தப் பிள்ளை அழுகுது."

என் நெஞ்சு இளகியது. உண்மையைச் சொல்கிறேன், இளகியது. அலுமாரிப் பக்கம் ஒரு அடி வைத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"அண்டைக்குத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனீரே... ஏன்?"

மலர் என்னைப் பார்த்தாள். யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தாள்.

"எந்தத் தட்டம் மச்சாள்?"

நினைவில்லை! அவளுக்கு நினைவே இல்லை! நான் உண்ணும்போதும் உறங்கும்போதும் சுமந்தது அவள் மனதில் ஒரு தூசியாகக்கூடத் தங்கவில்லை! மன்னிப்புக் கேட்க அவளிடம் ஒன்றுமே இல்லை. மன்னிக்க என்னிடமும் ஒன்றுமில்லை.

"முடிஞ்சு போச்சு மலர். ஒரு துண்டும் மிச்சமில்லை" என்றேன்.

"நல்லாத் தேடிப் பாருங்கோ மச்சாள்."

"இல்லை."

அதன்பிறகும் வந்தாள். பிறகும் வந்தாள். தேடினீர்களா என்று கேட்பாள். இல்லை என்பேன். தேத்தண்ணிகூடக் கேட்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போவாள். டானியேலாவைப் படியில் காணும்போதெல்லாம், "அன்ரி, சுகமோ?" என்று கட்டிப்பிடிப்பாள். அவளுடைய தாயை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் கையைத்தான் அவள் பிடிக்கிறாள்...

கொடுத்துவிடு என்பீர்கள். அது எனக்குத் தெரியாதா? அலுமாரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. என்னைவிட மலருக்குத்தான் உடம்பில் வருத்தம் கூட. அவள் கண்ணை மூடிவிட்டால் கொடுக்க ஆளும் இருக்காது. ஆக்னெஸ் என்றென்றைக்கும் வெளியேதான். இது தெரிந்தும் என் கை போகவில்லை. ஆக்னெஸை நினைத்து அழுகிறேன். மலரை நினைத்தால் கண்ணீர் அப்படியே காய்ந்துவிடுகிறது.

போன கிழமை மணி அடித்தது. கதவுத் துவாரத்தால் பார்த்தேன். மலர். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி அடித்தாள். "மச்சாள்..." என்றாள். "மச்சாள், நிக்கிறியளோ?"

நான் திறக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம், அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். நெடுநேரம் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தம் கேட்டது.

அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது! செத்தவீட்டில் செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். இந்தச் சந்தோஷத்தைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.